மூன்று கம்பிகளையும் சேர்த்து முறுக்கியவர்

இராக்கின் நாசிரியாவில் பிள்ளை இல்லாதவரை அபூ காயிப் என்று கூப்பிடுவார்கள். இன்னும் வந்து சேராதவனின் தகப்பன் என்று அர்த்தம். சாசிப்புக்கு அந்தப் பெயர் விழுந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. கூப்பிடுகிறவர்கள் வாயில் கேலி இல்லை, கேட்கிற அவர் காதிலும் வருத்தம் இல்லை. அவர் மனைவி நஷ்மியாவை உம் காயிப் என்றார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அவர் வேலை ஜெனரேட்டர் ஓட்டுவது. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஏதோ ஒரு கப்பலிலிருந்து கழற்றி வந்த பன்னிரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், அதோடு தோளுரசி நிற்கும் ஜெனரேட்டர். சுவரில் பெரிய மெயின் கைப்பிடி. அதற்குக் கீழே வீட்டுக்கு ஒன்றாக இருநூற்றுப் பன்னிரண்டு ட்ரிப்பர்கள். மூன்று ஆம்பியர் வாங்கியவர்களுக்கு ஃபேனும் விளக்கும் ஃபிரிட்ஜும் ஓடும். பத்து ஆம்பியர் வாங்கியவர்கள் ஒரு ஏசி போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ட்ரிப்பர் விழும். வீட்டுக்காரர் வேர்வையோடு ஓடி வந்து, "அபூ காயிப், என் கண்ணு, இஸ்திரிப் பெட்டியை மறந்து போட்டுட்டா என் பொண்டாட்டி, கொஞ்சம் தூக்கி விடு" என்பார். "மறதிக்கு ஒரு மருந்து இருக்கு. உன் பொண்டாட்டியை இங்க அனுப்பு, இந்த எஞ்சின் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காரட்டும்" என்று சொல்லிக்கொண்டே சாசிப் தூக்கி விடுவார்.

எஞ்சினுக்குச் சொந்தக்காரர் ஹாஜி நூமாஸ். வாரத்தில் ஒரு நாள் வருவார், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார், போய்விடுவார்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சேஞ்ஓவர் சுவிட்ச் உண்டு. கைப்பிடியை மேலே தள்ளினால் அரசாங்கக் கரண்ட், கீழே இழுத்தால் ஜெனரேட்டர் கரண்ட். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஜெனரேட்டரின் கரண்ட் அரசாங்கக் கம்பிக்குள் நுழைந்துவிட்டால், செத்துக் கிடப்பதாக எல்லாரும் நினைக்கிற கம்பி உயிரோடு இருக்கும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கைப்பிடி.

கொட்டகைத் தூணில் ஒரு சிவப்பு பல்பு தொங்கியது. அது அரசாங்க லைனில் மாட்டியது. பல்பு எரிந்தால் அரசாங்கம் வந்துவிட்டது. தெரு முழுக்க "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று சத்தம் எழும்பும், வீட்டுக்கு வீடு கைப்பிடிகள் டக் டக்கென்று மேலே போகும், எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக இளகும், சாசிப் அதை அணைத்துவிட்டு டீ போடுவார். கோடையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இது நடக்கும்.

அவருக்கு இடது காது கேட்காது. ராணுவத்தில் டாங்கிப் பட்டறையில் இருந்தபோது போனது. மிச்சமிருந்த வலது காதையும் எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. ஆனால் எஞ்சினைக் கேட்க அவருக்குக் காது தேவைப்படவில்லை. எஞ்சின் படுத்திருந்த கான்கிரீட் மேடையிலேயே போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு பெஞ்சு ஒன்று இருந்தது. அதில்தான் உட்காருவார். எஞ்சினின் பேச்சு இடுப்பெலும்பு வழியாக ஏறி வரும்.

டீசல் எரிந்து சூடாகிறது. அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளி, பிஸ்டன் தண்டைச் சுற்றி, தண்டு ஒரு காந்தத்தைச் செம்புச் சுருளுக்குள் சுற்றுகிறது. செம்பில் கரண்ட் பிறக்கிறது. அது கம்பியில் ஏறிப் போய் ஒரு வீட்டில் குளிராகவும் ஒரு வீட்டில் காற்றாகவும் ஒரு வீட்டில் சூடாகவும் மாறிவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இவ்வளவு சொல்லிவிடும். சாசிப் உடம்பில் தெரிந்து வைத்திருந்தது இதன் மறுபக்கம். வீடுகள் இழுக்க இழுக்க, செம்பு காந்தத்தைச் சுற்ற விடாமல் பிடித்து நிறுத்தப் பார்க்கும். தண்டு கனக்கும். எஞ்சின் இன்னும் கொஞ்சம் டீசலைக் குடித்து முக்கும். அந்த முக்கலை வைத்தே அவர் தெருவைப் படிப்பார். தொழுகைக்கு முன்னால் தண்ணீர் மோட்டார்கள் ஒவ்வொன்றாகச் சேருவது, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஏசிகள் முறை வைத்து மூச்சு வாங்குவது, பேக்கரிக்காரர் மாவு பிசையும் இயந்திரத்தைப் போடுவது எல்லாம் அவர் இடுப்புக்கு வந்துவிடும். ஒரு தடவை சாவு வீடு ஒன்றில் விளக்குகள் எல்லாம் மொத்தமாக எரிந்தபோது, அழுகைச் சத்தம் கேட்பதற்கு முன்பே, "யாரோ போயிட்டாங்க" என்று எழுந்து நின்றிருக்கிறார்.

அவருக்கு என்று ஒரு சலுகை இருந்தது. அவர் வீட்டுக் கம்பிக்கு ட்ரிப்பர் கிடையாது. மெயினுக்குக் கீழே இருந்து நேராக, கனமான கம்பி. எத்தனை ஆம்பியர் வேண்டுமானாலும் இழுக்கலாம். எந்த ஊரிலும் ஜெனரேட்டர் ஓட்டுகிறவனுக்கு இது கிடைக்கும். நஷ்மியா அதில் பெரிய ஃப்ரீசர் ஒன்றை ஓட்டினாள். தட்டுத் தட்டாக ஐஸ் உறைய வைத்து, ஜெனரேட்டர் கம்பியே வாங்காத உம் சத்தார் போன்றவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். உம் சத்தார் எதிர் வரிசையில் இருந்த விதவை. அரசாங்கம் வந்தால் அவள் ஃபேன் சுற்றும். வராவிட்டால் ஈரத்துணிதான்.

ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில் சாசிப் வீட்டு சேஞ்ஓவர் சுவிட்ச் எரிந்துபோனது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உள்ளே பித்தளை கருகி, பிளாஸ்டிக் வழிந்து கிடந்தது. அப்போது அரசாங்கக் கரண்ட் இருந்தது, ஜெனரேட்டர் நின்றிருந்தது. நஷ்மியா சமூன் ரொட்டியில் எருமைக் க்ரீம் தடவிக்கொண்டே கத்தினாள்.

"ஃப்ரீசர்ல மூணு தட்டு இருக்கு. உருகிச்சுன்னா அந்தத் தண்ணியில நீதான் குளிக்கணும்."

"உருகாது. இரு."

"ஊருக்கெல்லாம் நீ ரிப்பேர் பாப்ப. இங்க வந்தா மட்டும் 'இரு'."

சாசிப் சுவிட்சைக் கழற்றி எறிந்தார். அரசாங்கக் கம்பி, ஜெனரேட்டர் கம்பி, வீட்டுக்குள் போகும் கம்பி என்று மூன்று கம்பிகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. புது சுவிட்ச் வாங்கக் கடைத்தெரு திறக்க வேண்டும், அது பத்து மணிக்கு. இப்போதைக்கு அரசாங்கக் கம்பியையும் வீட்டுக் கம்பியையும் மட்டும் சேர்த்தால் போதும். பிறகு அரசாங்கம் போனதும் ஓடி வந்து அவிழ்த்து, மற்றதைச் சேர்க்க வேண்டும். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நானூறு அடி. வெயிலில் நானூறு அடி.

அவர் மூன்றையும் சேர்த்து முறுக்கினார்.

அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. இரண்டு கரண்டும் மோதாமல் இருப்பதற்குத்தானே சுவிட்ச்? அரசாங்கம் போன பிறகு எஞ்சினைக் கிளப்புகிறவனும் அவர்தான், வந்தால் அணைக்கிறவனும் அவர்தான். வியாழக்கிழமை பத்து மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு முன்னால் அரசாங்கம் திரும்ப வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஜெனரேட்டர் கரண்ட் தெரு லைனுக்குள் போகுமே என்பது மனதில் வராமல் இல்லை. வந்தது, அந்த லைனில் அப்போது யார் இருக்கப்போகிறார்கள் என்று போய்விட்டது. மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது புதுசு மாட்டிக்கொள்ளலாம். இருபத்தொரு வருஷ அனுபவசாலி, தன் வீட்டுக்குத் தானே சுவிட்சாக நின்றுகொண்டார்.

"தொடாத" என்றார் மனைவியிடம்.

"உன் சாமானை நான் என்னைக்குத் தொட்டேன்?" என்றாள் அவள்.

ஒன்பதரை மணிக்கு தாகில் கொட்டகைக்கு வந்தான். மின்சார இலாகாவில் லைன்மேன். நாற்பது வயது, குச்சி உடம்பு. தோளில் கயிறும் இடுப்பில் பெல்ட்டும், கையில் ஒரு பையும். ஜெனரேட்டர்காரர்களுக்கும் லைன்மேன்களுக்கும் எப்போதும் ஆகாது. எங்கள் லைன் சாக வேண்டும் என்று துஆ செய்து வேண்டுகிறவர்கள் என்று லைன்மேன்கள் சொல்வார்கள். நீங்கள் சாகடிக்கிறதை நாங்கள் பிழைக்க வைக்கிறோம் என்று ஜெனரேட்டர்காரர்கள் சொல்வார்கள். ஆனாலும் தாகில் டீ குடிக்க வருவது இங்கேதான்.

"வா, பிணம் கழுவுறவனே" என்றார் சாசிப்.

"ஸலாம், கழுகு. எப்ப விழும்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கியா?"

"உன் அரசாங்கக் கரண்ட் விருந்தாளி மாதிரி. வந்து உக்கார்றதுக்கு முன்னாடியே செருப்பைத் தேடுது."

"உன்னது? இருமிக்கிட்டே ஓடுது, ஊரே கறுப்பா மூக்குச் சிந்துது." தாகில் டீயில் சர்க்கரையைக் கலக்காமல் அடியில் விட்டுக் குடித்தான். "பத்து மணிக்கு நானே புடுங்குறேன். பள்ளிவாசல் முக்குக் கம்பத்துல கிளாம்ப் தளர்ந்து பொறி பறக்குது. டிரான்ஸ்ஃபார்மர்ல மூணு ஃப்யூஸையும் கழட்டிட்டு மேல ஏறுவேன். ஒரு மணி நேர வேலை."

"சரி, என் கிழவிக்கு வேலை குடுக்குற" என்று எஞ்சினைத் தட்டினார் சாசிப்.

"உன் கிழவி சத்தத்துல என் பொண்டாட்டி ஃபோன் பண்றதே கேக்க மாட்டேங்குது. அதுக்கு மட்டும் உனக்கு நன்றி."

போகும்போது சாசிப்பின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். கொட்டகையிலிருந்து பார்த்தால் அந்தக் கம்பம் தெரியாது. பள்ளிவாசல் சுவர் மறைக்கும்.

பத்து மணி ஐந்து நிமிஷத்தில் சிவப்பு பல்பு அணைந்தது. வழக்கம்போலத் தெருவில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தாகில் மூன்று ஃப்யூஸ்களையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கம்பத்தில் ஏறி, டெஸ்டரை லைனில் வைத்துப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. செத்த லைன். விதிப்படி எல்லாம் செய்தான். அந்த நிமிஷத்தில் எஞ்சின் இன்னும் கிளம்பவில்லை.

சாசிப் எஞ்சினைக் கிளப்பி, சூடாவதற்கு மூன்று நிமிஷம் கொடுத்தார். மேடை அதிர்ந்து, பிறகு ஒரு சீராக ஓடியது. எழுந்து போய் இரண்டு கையாலும் மெயின் கைப்பிடியைத் தள்ளினார். எஞ்சின் ஒரு முறை குனிந்து, நிமிர்ந்து, சுமையைத் தூக்கிக்கொண்டது.

சிவப்பு பல்பு எரிந்தது.

"பாரு, நான் கிளப்பினதும் வர்றான்" என்று அவர் எஞ்சினிடம் சொன்னார். இதுவும் வழக்கமானதுதான், அரசாங்கம் இப்படிப் பலமுறை அவர் முகத்தில் கரி பூசியிருக்கிறது. தாகில் சீக்கிரம் முடித்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து, எஞ்சின் இளகட்டும், அணைக்கலாம் என்று காத்திருந்தார்.

தெருவில் "வந்துருச்சு!" என்ற சத்தம் எழுந்தது. உம் சத்தார் வீட்டு ஃபேன் சுற்றியது. அவள் ஈரத்துணியை உதறிவிட்டு அதற்கடியில் போய் நின்றாள். கைப்பிடிகள் மேலே போக ஆரம்பித்தன. கைப்பிடி நடுவைத் தாண்டும்போது அந்த வீடு ஒரு கணம் எஞ்சினை விட்டுவிடும். அப்போது எஞ்சினில் மெல்லிய விக்கல் ஒன்று வரும், அந்தச் சுமை அத்தோடு போய்விடும். இப்படி விக்கல் மேல் விக்கலாக வந்து எஞ்சின் இளகிக்கொண்டே போக வேண்டும்.

விக்கல் வந்தது. சுமை போகவில்லை. விட்ட கணத்திலேயே திரும்ப வந்து தண்டில் தொங்கியது. இன்னொரு விக்கல், அதுவும் திரும்பி வந்தது. பத்து, இருபது வீடுகள். அரசாங்கக் கரண்ட்டுக்கு ஆம்பியர் அளவு இல்லை என்று எல்லாரும் ஏசியையும் சேர்த்துப் போட்டார்கள். எஞ்சின் இளகுவதற்குப் பதிலாகக் கனத்துக்கொண்டே போனது. புகைக்குழாயில் கறுப்பு ஏறியது.

அரசாங்கம் வந்துவிட்டது என்றது பல்பு. யாரும் வரவில்லை, இன்னும் நான்தான் சுமக்கிறேன் என்றது எஞ்சின்.

சாசிப் ஒரு கண் பல்பில் வைத்து ஐந்தாறு நொடி உட்கார்ந்திருந்தார். பல்பின் வெளிச்சம் எஞ்சின் முக்கும்போதெல்லாம் மங்கியது, விடும்போது தெளிந்தது. அரசாங்கத்தின் வெளிச்சம் இவர் எஞ்சினோடு சேர்ந்து மூச்சு விட வேண்டிய அவசியம் என்ன? அப்போதுதான் தன் வீட்டுச் சுவரில் முறுக்கி விட்டிருந்த மூன்று கம்பிகள் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தன. அதற்கு அடுத்து, கம்பத்தின் மேல் தாகிலின் கை.

எழுந்தது, பாய்ந்தது, மெயினை இழுத்தது எதுவும் பின்னால் அவருக்கு ஞாபகம் இல்லை. சுமை முழுக்க ஒரே அடியில் போனதால் எஞ்சின் அலறியதுதான் ஞாபகம் இருந்தது. அதை அப்படியே அலற விட்டு ஓடினார்.

தாகில் கம்பத்தில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். தலை மார்பில் சாய்ந்திருந்தது. தெருச் சத்தம் மேலே அவனுக்கும் கேட்டிருந்தது. அடுத்த தெருவுக்கு வந்திருக்கும், என் மூன்று ஃப்யூஸும் என் பையில் இருக்கும்போது எனக்கென்ன என்று நினைத்துக் கைநீட்டியிருக்கிறான். பிடித்த விரல்கள் மூடிக்கொண்டுவிட்டன, பிறகு திறக்கவில்லை. மெயின் விழுந்த பிறகுதான் திறந்தன. இரண்டு மூச்சு நேரம் என்றார் பின்னால் மருத்துவர்.

பேக்கரிக்காரரும் இன்னும் மூன்று பேரும் ஏணி போட்டு இறக்கினார்கள். கீழே படுக்க வைத்து நெஞ்சை அழுத்தினார்கள். ஒரு பெரிய இருமலோடு கண் திறந்தான்.

"எந்த நாய்க்குப் பொறந்தவன்..." என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் கருகி வளைந்திருந்தன. பேக்கரி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

வண்டி முக்குத் திரும்பியதும் கூட்டம் கேள்விக்கு வந்தது. யாரோ ஒரு வீட்டிலிருந்துதான் ஜெனரேட்டர் கரண்ட் லைனுக்குள் ஏறியிருக்கிறது. எந்த வீடு?

"உம் சத்தார் வீட்டுல ஃபேன் சுத்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்" என்றான் ஒருவன். "அவளுக்குத்தான் ஜெனரேட்டர் லைனே கிடையாதே. கொக்கி போட்டிருக்கா."

"எம்மேல ஆணையா நான் எதையும் தொடல" என்றாள் உம் சத்தார். வாசலிலேயே நின்றாள். ஈரத்துணி இன்னும் கையில் இருந்தது.

"ஃபேன் பேய் புடிச்சா சுத்துச்சு?"

"வந்துருச்சு வந்துருச்சுன்னு நீங்கதானப்பா கத்தினீங்க. உங்க வீட்டுலயும்தானே சுத்துச்சு?"

"எங்களுக்கு லைன் இருக்கு. நீ கதவைத் தெற, உள்ள பாக்கணும்."

நஷ்மியா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். கருகிய பிளாஸ்டிக் வாடை அவள் அபாயா அங்கியில் ஏறியிருந்தது. தெருச் சுமை முழுவதும் அவள் வீட்டுக் கம்பி வழியாகப் போய், அந்த முறுக்கு பழுத்துச் சுவரில் புகைந்ததை அவள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அபாயாவின் நுனியை வாயில் வைத்துக் கடித்தபடி புருஷனைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவருக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

யாரோ உம் சத்தாரின் கதவில் கை வைத்தார்கள்.

"கையை எடு" என்றார் சாசிப். "அது என் வீடு."

"என்ன அபூ காயிப், இது உம் சத்தார் வீடு."

"கரண்ட் ஏறினது என் வீட்டுலேந்துன்னு சொல்றேன். மூணு கம்பியையும் நான்தான் சேத்து முறுக்கினேன். இந்தக் கையால."

எஞ்சின் தொலைவில் இன்னும் வெறும் வயிற்றோடு ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கா இது தெரியாது?" என்று கேட்டார் பேக்கரிக்காரர். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"தெரியும்" என்றார் சாசிப். "தெரிஞ்சுதான் செஞ்சேன்."

அன்று மாலையே விஷயம் இரண்டு கோத்திரங்களின் விஷயமாகிவிட்டது. தாகிலின் மாமன்கள் ஆறு பேர் வண்டியில் வந்து கொட்டகையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனார்கள். சாசிப்பின் ஆட்கள் முறைப்படி சமாதானம் பேசும் பெரியவர் ஸையித் ஷுப்பரை அனுப்பி, யாரும் கை வைக்காமல் இருக்க மூன்று நாள் தவணை வாங்கினார்கள். அந்த மூன்று நாளும் ஹாஜி நூமாஸ் வேறொருவனை வைத்து எஞ்சினை ஓட்டினார். அவன் டீசலுக்குப் பயந்து வேகத்தைக் குறைத்தான். ஃபேன்கள் சோம்பிச் சுற்றின. வீட்டிலிருந்தபடியே சாசிப் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் மிதிக்க மாட்டேங்குறான்" என்றார்.

"நீ மிதிச்சது போதும்" என்றாள் நஷ்மியா. புது சுவிட்ச்சை அன்றைக்கே அவளே போய் வாங்கி, அவள் தம்பியை விட்டு மாட்டியிருந்தாள்.

நான்காம் நாள் தாகிலின் வீட்டில் உட்கார்ந்தார்கள். இரு பக்கமும் இருபது இருபது பேர். சாசிப் வாசலை ஒட்டிக் கடைசியில் உட்கார்ந்திருந்தார். காபி ஊற்றினார்கள். ஸையித் ஷுப்பர் கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்தார், குடிக்கவில்லை. கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார். எல்லாருக்கும் தெரிந்த முறைதான். காபி ஆறிக்கொண்டிருந்தது.

தாகிலின் மூத்த மாமன் ஒரு பெரிய தொகையைச் சொன்னார். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஸையித், இறைவனுக்காக ஒரு பங்கு, நபிக்காக ஒரு பங்கு, வந்திருக்கும் விருந்தாளிகளுக்காக ஒரு பங்கு என்று குறைத்துக்கொண்டே வந்தார். அதுவும் முறைதான். ஒவ்வொரு குறைப்புக்கும் மாமன் முகத்தைச் சுளித்தார். சுளிப்பதும் முறைக்குள்தான் சேர்த்தி.

சுவரோரம் சாய்ந்திருந்த தாகில் கட்டுப்போட்ட கையைத் தூக்கினான்.

"மாமா, எனக்குப் பணம் வேணாம்."

"நீ சும்மா இரு. இது உன் பேச்சு இல்ல, எங்க பேச்சு."

"விரல் யாருது? எனக்கு அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." சாசிப்பை நேராகப் பார்த்தான். "அபூ காயிப், நீ எப்படிக் கண்டுபிடிச்சே? உன் கொட்டகையிலேந்து என்னைத் தெரியாதே."

"பல்பு எரிஞ்சுது. எஞ்சின் இளகல."

"பல்பு எரிஞ்சா நீ அணைச்சிருக்கணும். அதுதானே உன் வழக்கம்?"

"இளகினப்புறம்தான் அணைப்பேன். அதுதான் வழக்கம்."

"பல்பைப் பாத்த உடனே அணைக்கிறவனா இருந்திருந்தா?"

"உன் கைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார் சாசிப்.

அதை அவர் நான்கு நாளாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். தாகில் இடது கையால் தாடையைத் தேய்த்தான். கூடத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, அடக்கிக்கொண்டார்கள்.

"பொய் சொல்லத் தெரியாத கழுகு" என்றான் தாகில். "சரி, நான் கேக்குறது இது. உன் மெயின்ல ஒரு பூட்டுப் போடு. நான் கம்பத்துல ஏறுறப்பல்லாம் முதல்ல உன்கிட்ட வருவேன். மெயினை இறக்கிப் பூட்டிச் சாவியை என்கிட்ட குடுக்கணும். நான் இறங்கி வந்து தர்ற வரைக்கும் உன் கிழவி சும்மா கிடக்கணும். தெரு செத்தாலும் சரி."

"ஜூலையிலயா?" என்றார் ஹாஜி நூமாஸ். "ஐம்பது டிகிரியில தெரு முழுக்கச் சும்மா கிடக்கவா? ஜனங்க என்னை உரிச்சுருவாங்க."

"உங்க தோல் எனக்கு வேணாம் ஹாஜி. என் தோல் போதும்."

மாமன் சாசிப்பைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"இன்னொண்ணையும் சேத்துக்க" என்றார் சாசிப். "என் வீட்டுக்கும் ட்ரிப்பர். அஞ்சு ஆம்பியர்."

"உம் காயிப் ஒத்துக்கிட்டாளா?" என்றான் தாகில்.

"அவதான் சொன்னா."

ஸையித் ஷுப்பர் கிண்ணத்தை எடுத்தார். காபி ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார்.

ஆகஸ்ட் கடைசியில் தாகில் வேலைக்குத் திரும்பினான். அவன் முதன்முதலாக ஏற வேண்டியிருந்தது அதே கம்பம்தான். தளர்ந்த கிளாம்பை யாரும் தொடவே இல்லை. காலை பத்தேகாலுக்குக் கொட்டகைக்கு வந்தான். சாசிப் மெயினை இறக்கி, பூட்டி, சாவியை நீட்டினார். தாகில் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான். டீ குடிக்கவில்லை.

எஞ்சின் நின்றது. அரசாங்கம் முன்பே போயிருந்ததால் சிவப்பு பல்பும் இருட்டாகத்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்து செத்துக் கிடந்த பகல் பொழுது ஒன்றை அந்தக் கொட்டகை அதுவரை பார்த்ததில்லை. கால் மணி நேரத்தில் ஜனங்கள் வந்துவிட்டார்கள்.

"அபூ காயிப், உயிர் போகுது, கிளப்பு."

"சாவி இல்ல."

"சாவி எங்க?"

"தாகில் சட்டைப் பையில. ஏறிப் போய்க் கேளு."

"எங்க அம்மா மயக்கம் போட்டுருவா."

"என் வீட்டுல ஐஸ் இருக்கு. உம் காயிப்கிட்ட வாங்கிட்டுப் போ." ஐந்து ஆம்பியரில் மற்றதோடு சேர்த்துப் பெரிய ஃப்ரீசர் ஓடாது. சின்னதாக ஒன்று வாங்கியிருந்தார்கள். இரண்டு தட்டு ஐஸ்தான் உறையும்.

பேக்கரிக்காரர் வந்து திட்டினார், மாவு புளிக்கிறது என்றார். ஹாஜி நூமாஸ் ஃபோனில் திட்டினார். சாசிப் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கீழே இருந்து ஒன்றும் ஏறி வரவில்லை. பழக்கத்தில் ஒவ்வொரு இரண்டு நிமிஷத்துக்கும் பல்பைப் பார்த்தார். அது இருட்டாகவே இருந்தது. இருட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி கையைக் கட்டிக்கொண்டார்.

ஒரு மணி பத்து நிமிஷம் கழித்துத் தாகில் வந்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. பையைத் திறக்க வலது கை விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் பொத்தானைக் கழற்றிச் சாவியை எடுத்தான்.

"இடது கையால குடுக்குறேன்னு தப்பா எடுத்துக்காத."

சாசிப் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பூட்டைத் திறந்து எஞ்சினைக் கிளப்பி, மூன்று நிமிஷம் சூடாக விட்டு மெயினைத் தள்ளினார். எஞ்சின் குனிந்து நிமிர்ந்தது. இருவரும் பல்பைப் பார்த்தார்கள்.

பல்பு எரியவில்லை.

"சரி" என்றான் தாகில். பையிலிருந்த மூன்று ஃப்யூஸ்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நடந்தான்.